திரும்பி வராத வாடிக்கையாளர்



வியாபாரத்தின் உயிர் இருதரப்பாரின் மனப்பொருத்தத்தில் இருக்கிறது. ஒருவர் பொருளை மற்றொருவர் அநியாயமாக உண்ணலாகாது, பொருத்தத்தோடு நடக்கும் வியாபாரமே ஆகும் என்பது திருக்குர்ஆன் ‘அந்நிஸா’ அத்தியாயத்தில் நமக்கு வகுத்துத் தந்திருக்கும் அடிப்படை. ஆனால் பொருத்தம் என்பது எது? ஒன்றும் அறியாத ஒருவர், பிறர் சொன்னதை நம்பி ‘சரி’ என்று தலையசைத்துவிட்டால் அது பொருத்தமாகிவிடுமா? ‘அவர் மனமொப்பித்தானே வாங்கினார்’ என்று சொல்லி விற்றவர் நிம்மதியாகத் தூங்கலாமா? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் கேள்வி.

இந்தக் கேள்வி மற்ற எந்தக் கடையிலும் இல்லாத அளவு கூர்மையாக எழுவது ரத்தினக் கல் வியாபாரத்தில்தான். அரிசி வாங்குபவர் அரிசியை அறிவார். துணி வாங்குபவர் கையால் தடவிப் பார்த்தே பாதி தெரிந்துகொள்வார். சிவப்புக் கல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் சாதாரண மனிதருக்கு என்ன தெரியும்? அது மண்ணில் விளைந்த மாணிக்கமா, சூடேற்றி நிறம் கூட்டப்பட்டதா, வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி நிரப்பப்பட்டதா, அல்லது உலையில் பிறந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. பிரெஞ்சு ரசாயன அறிஞர் வெர்னுயில் 1902ல் தம் முறையை வெளியிட்டது முதல், உலையில் உண்டாக்கிய மாணிக்கம் சந்தையில் தாராளமாகப் புழங்கி வருகிறது. விற்பவருக்கு எல்லாம் தெரியும். வாங்குபவருக்கு ஒன்றுமே தெரியாது. வாங்குபவர் வழிப்போக்கராகவும் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினமாகிறது.

கப்பல் வந்து போகும் கரை

உல்லாசக் கப்பல் பயணம் ஒரு காலத்தில் மேல்நாட்டுச் செல்வர்களுக்கே உரியதாக இருந்தது. இன்று நம்மவர்களிலும் வசதியுள்ள குடும்பங்கள் இதில் செல்கின்றன. 2023ல் சென்னையிலிருந்தே இலங்கைத் துறைமுகங்களுக்கு இத்தகைய கப்பல் புறப்பட்டது.

இந்தப் பயணத்தில் நகைக்கடை எப்படி நுழைகிறது என்பதை அறியக் கரீபியன் கடலைப் பார்க்க வேண்டும். அங்கே ஸெயின்ட் தாமஸ் என்றொரு தீவு. டென்மார்க் 1917ல் அமெரிக்காவுக்கு விற்றுவிட்ட தீவுகளில் ஒன்று. அதன் பட்டணமான ஷார்லட் அமேலியில், அக்காலத்துப் பண்டகசாலைகள் இருந்த பிரதான வீதி இன்று நகைக்கடை வீதியாக இருக்கிறது. ஸின்ட் மார்ட்டின் தீவின் பிலிப்ஸ்பர்க், மெக்ஸிகோவின் கோஸுமெல், வடக்கே அலாஸ்காவின் ஜூனோ ஆகிய துறைமுகங்களிலும் இதே காட்சிதான். கப்பல் காலையில் வரும். ஆயிரக்கணக்கானோர் இறங்குவர். மாலையில் சங்கு ஊதும், அனைவரும் ஏறிவிடுவர்.

கரையை அடையும் முன்பே, கப்பலிலேயே ஒரு சொற்பொழிவு நடக்கும். எந்தக் கல் உயர்ந்தது, எந்தக் கடையில் வாங்கலாம் என்று ஒருவர் இனிமையாக எடுத்துரைப்பார். கடைகள் குறிக்கப்பட்ட வரைபடம் ஒன்றும் கையில் தரப்படும். கடைக்குள் வந்தாலே சிறு அணி ஒன்று இலவசம் என்ற சீட்டும் கிடைக்கும். பயணிகள் இதை ஒரு நண்பரின் ஆலோசனை என்றே எண்ணுகின்றனர். ஆனால் அந்த வரைபடத்தில் இடம்பெற்ற கடைகள் விளம்பரக் கட்டணம் செலுத்தியவை. அச்செய்தி மிகச் சிறிய எழுத்தில் ஓர் ஓரத்தில் இருக்கும். ‘உத்தரவாதம்’ என்று ஒன்றும் தரப்படும். ஆனால் வாங்கிய பின் மனம் வருந்தினால் அது பொதுவாகச் செல்லாது.

அங்கே அதிகம் விற்கப்படும் கற்களில் ஒன்று ‘தான்ஸனைட்’. இந்த நீலக்கல் 1967ல் தான்ஸானியா நாட்டின் மெரெலானிக் குன்றுகளில் கண்டெடுக்கப்பட்டது. 1968ல் நியூயார்க் நகைக்கடை ஒன்று அதற்கு இப்பெயரைச் சூட்டியது. உலகில் அந்த ஒரே பகுதியில்தான் கிடைக்கிறது என்று விற்பவர் சொல்வது உண்மையே. ஆனால் அதோடு ஒட்டி, ‘விரைவில் தீர்ந்துவிடும், விலை பன்மடங்கு ஏறும், இன்றே வாங்குங்கள்’ என்று சொல்வது யூகம். அக்கல்லின் நீலம் பெரும்பாலும் சூடேற்றியதால் வந்தது என்பதும், நீலமணியின் கடினம் 9 என்றால் இதன் கடினம் 6க்கும் 7க்கும் இடையில்தான் என்பதும், அன்றாடம் அணியும் மோதிரத்தில் இது எளிதில் கீறல்படும் என்பதும் சொல்லாமலே விடப்படுவதுண்டு. சொன்னவற்றில் பொய் இல்லாமல் இருக்கலாம். சொல்லாமல் விட்டதில்தான் விஷயமே இருக்கிறது.

வணிகக் கூட்டத்தை வழியில் மறிப்பது

இதைப் படிக்கும்போது ஃபிக்ஹுக் கிதாபுகளை ஓதியவர்களுக்கு ஒரு பாடம் உடனே நினைவுக்கு வரும். அது ‘தலக்கீ அர்ருக்பான்’ என்ற பாடம். வெளியூர் வணிகக் கூட்டம் சந்தையை வந்தடைவதற்கு முன்பே வழியில் எதிர்சென்று அவர்களிடம் வியாபாரம் பேசுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அவ்வாறு பேசி வாங்கப்பட்டவர், சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்ததும் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் வழங்கினார்கள்.

இதன் காரணம் என்ன? வழியில் வருபவருக்கு ஊர் விலை தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கும் முன்பே அவரைப் பிடித்துவிடுவது அவருடைய அறியாமையை விலைக்கு வாங்குவதாகும். நமது ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் இத்தடை வழிப்போக்கரைக் காப்பதற்கே என்று கொள்கின்றனர். ஊராருக்கு நேரும் இடைஞ்சலையே ஹனஃபி இமாம்கள் முக்கியமாகக் கவனிக்கின்றனர்.

நபிமொழியில் வந்திருப்பது வழிப்போக்கரிடமிருந்து வாங்குவதைப் பற்றி. அவருக்கு விற்பது எப்படி? அவர் ஊரில் வாங்க நினைத்து வரும் பொருளை வழியிலேயே எதிர்சென்று அவருக்கு விற்றால் அதுவும் இத்தடையில் சேருமா? இக்கேள்வியையும் நமது இமாம்கள் விட்டுவைக்கவில்லை. இதில் இருவேறு கருத்துகளை ஷாஃபிஈ கிதாபுகள் எடுத்துச் சொல்கின்றன. சேரும் என்பாரின் வாதம் தெளிவானது: அறியாமை இரண்டிலும் ஒன்றே, நஷ்டமும் ஒன்றே.

ஒட்டகக் கூட்டம் பாலைவனத்தில் வந்த காலத்தில் பேசப்பட்ட இந்த மஸ்அலா, கப்பல் கரை சேருவதற்கு முன்பே கடைகளின் பெயரைக் காதில் ஓதும் இந்தக் காலத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

சங்கு ஊதியதும் போய்விடும் உரிமைகள்

வாங்குபவரைக் காக்க ஷரீஅத் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. வியாபாரம் பேசிய இடத்தை விட்டு இருவரும் பிரியும் வரை முறித்துக்கொள்ளலாம் என்பது நபிமொழி. ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகள் இதை உடலால் பிரிவது என்று கொள்கின்றன. பேச்சு முடிவதே பிரிவு என்பது ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளின் விளக்கம். அடுத்து, நிபந்தனையிட்டு அவகாசம் பெறும் உரிமை. ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற ஸஹாபி தலையில் காயம்பட்டு, வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்து வந்தார்கள். ஏமாற்று கூடாது என்று சொல்லிவிட்டே வாங்கும்படியும், மூன்று நாள் அவகாசம் அவர்களுக்கு உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மூன்றாவது, மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை. குறை தெரிந்தும் தக்க காரணமின்றித் தாமதித்தால் ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வுரிமை போய்விடும்.

இந்த மூன்று வாசல்களும் கப்பல் பயணிக்கு என்னவாகின்றன? கடையை விட்டு வெளியே வந்ததும் முதல் வாசல் மூடியது. மூன்று நாளைக்குள் அவர் வேறு இரண்டு துறைமுகங்களைக் கடந்திருப்பார். குறை தெரிய வருவதோ ஊர் திரும்பி, ஒரு பரிசோதகரிடம் கல்லைக் காட்டிய பிறகு. அப்போது நடுவில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது! சட்டத்தின் ஏட்டில் அவருக்கு உரிமை இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் செலுத்த வழியில்லை. இதை வாங்குபவர் அறியாவிட்டாலும் விற்பவர் நன்றாக அறிவார். ‘இவர் இனித் திரும்பி வரமாட்டார்’ என்ற அந்த ஓர் எண்ணமே எத்தனையோ நாவுகளை இனிக்கச் செய்கிறது.

கண்ணாடியை மாணிக்கம் என்று எண்ணியவர்

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழலாம். ‘லாபத்திற்கு மார்க்கம் எல்லை வகுத்ததா? வாங்குபவர் விசாரித்து வாங்க வேண்டியதுதானே?’ என்று கல் வியாபாரம் செய்யும் சகோதரர்கள் கேட்பதுண்டு. இது அலட்சியமாகத் தள்ளத்தக்க வாதமல்ல.

லாபத்திற்கு எல்லை இல்லை என்பது சரியே. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்கள் ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கி, அதில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள்.

விசாரிக்க வேண்டியது வாங்குபவரின் கடமை என்பதும் சரியே. நமது கிதாபுகளில் இதற்கென்றே ஓர் உதாரணம் உண்டு. ஒருவர் ஒரு கண்ணாடித் துண்டைத் தாமாகவே ரத்தினம் என்று எண்ணி, பெரும் விலை கொடுத்து வாங்கிவிட்டார். அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று நமது இமாம்கள் எழுதினார்கள். காரணம், விபரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளியாதது அவருடைய குறை என்பதே.

ஆனால் இதை ஆதாரமாகக் கொள்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த உதாரணத்தில் விற்றவர் ‘இது ரத்தினம்’ என்று சொல்லவில்லை. ரத்தினம்போல் தோன்றும்படி எதுவும் செய்யவுமில்லை. செய்திருந்தால் தீர்ப்பு வேறு. பால் கறக்காமல் மடியை நிரப்பிக் காட்டி விற்ற பிராணியைத் திருப்பிக் கொடுக்க நபிமொழி உரிமை தருகிறது. நரைமுடியைக் கறுப்பாக்கி இளமைபோல் காட்டி அடிமையை விற்றால் வாங்கியவருக்கு உரிமை உண்டு என்றும் இமாம்கள் தீர்ப்பளித்தார்கள். மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றுவதும், மாணிக்கத்தில் கண்ணாடி நிரப்புவதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அவற்றைச் செய்வது தொழில் வழக்கமாக இருக்கலாம். சொல்லிவிட்டு விற்றால் தவறும் இல்லை. மறைத்து விற்பதே மோசடி.

இரண்டாவது, இதுவே முக்கியமானது. வியாபாரம் செல்லும் என்று காஜி தீர்ப்பளிப்பது ஒன்று. விற்றவர் அல்லாஹ்விடம் தப்பிவிடுவார் என்பது வேறொன்று. காஜி வெளிப்படையானதைக் கொண்டு தீர்ப்பளிப்பவர். உள்ளத்தில் இருந்ததை அவர் எப்படி அறிவார்? மேலும், விசாரிக்காதது வாங்கியவரின் குறை என்று இமாம்கள் சொன்னது, விசாரிக்க வழியிருந்தவரைப் பற்றி. ஊர் தெரியாது, மொழி தெரியாது, நேரம் இல்லை, கேட்பதற்கு ஆளில்லை என்று நிற்பவரை, ஆலோசகர் வேடத்தில் வந்த ஒருவரே கடைக்கு அழைத்துச் செல்கிறார். அவர் விசாரிக்கத்தான் செய்தார். விசாரித்த இடமே விலைக்கு வாங்கப்பட்டிருந்தது! ஆலோசனை கேட்கப்பட்டவர் ஓர் அமானிதத்தைச் சுமக்கிறார் என்பது நபிமொழியின் கருத்து. தரகுக் கூலி ஹலாலானது. ஆனால் தரகர் தம்மைத் தரகர் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். நலம் நாடுபவராக நடித்துக்கொண்டு, மறைவில் கமிஷன் பெறுவது அமானித மோசடியாகும்.

யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் கடை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். பஸராவைச் சேர்ந்த தாபிஈ யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) துணி வியாபாரி. அவர்கள் கடையில் இருநூறு திர்ஹம் ஆடையும் உண்டு. நானூறு திர்ஹம் ஆடையும் உண்டு. தொழப் போகையில் கடையைத் தம் சகோதரர் மகனிடம் ஒப்படைத்தார்கள். ஒரு கிராமத்து அரபி வந்து நானூறில் ஆடை கேட்க, அந்த இளைஞர் இருநூறு திர்ஹம் ஆடையைக் காட்டினார். வந்தவருக்கு அது பிடித்துவிட்டது. மனமொப்பி நானூறு கொடுத்து வாங்கிப் போனார்.

யூனுஸ் (ரஹ்) திரும்பும் வழியில் அவர் கையில் தம் கடை ஆடையைக் கண்டு விலை கேட்டார்கள். நானூறு என்றதும், இது இருநூறுக்கு மேல் பெறாது, வந்து மீதியை வாங்கிச் செல்லுங்கள் என்றார்கள். அவரோ, எங்கள் ஊரில் இது ஐந்நூறு பெறும், எனக்குத் திருப்தியே என்றார். ஆனாலும் விடவில்லை, கடைக்கு அழைத்து வந்து இருநூறைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு அந்த இளைஞரைக் கண்டித்தார்கள். அவர் பொருந்தித்தானே எடுத்தார் என்று இளைஞர் சொன்னபோது, உனக்கு நீ எதைப் பொருந்திக்கொள்வாயோ அதை அவருக்கும் பொருந்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள்.

நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. வாங்குபவரின் பொருத்தம் வியாபாரத்தைச் செல்லுபடியாக்கும். விற்பவரின் மனசாட்சியை விடுவிப்பது அதுவல்ல. தான் வாங்குபவராக இருந்தால், தனக்குத் தெரிந்தவை எல்லாம் தெரிந்த நிலையில் இந்த விலைக்கு வாங்கியிருப்பேனா என்று விற்பவர் தம் உள்ளத்தைக் கேட்க வேண்டும். அந்த அரபியும் திரும்பி வரப்போகும் வாடிக்கையாளர் அல்லர். அவர் தம் கிராமத்துக்குப் போய்விட்டால் எதையும் அறியப்போவதுமில்லை. ஆயினும் யூனுஸ் (ரஹ்) அவர்களுக்கு அது கணக்கை முடிப்பதாக இல்லை. வாங்குபவர் திரும்பி வந்து கேட்கும் வழி எவ்வளவுக்கெவ்வளவு குறைகிறதோ, விற்பவர் தோளில் அமானிதம் அவ்வளவுக்கவ்வளவு கனக்கிறது.

‘வாங்குபவர் முஸ்லிம் அல்லாதவர்தானே’ என்று சிலர் நினைப்பதுண்டு. இது மிகவும் ஆபத்தான நினைப்பு. ஹிஜ்ரத் செய்த இரவிலும், தம்மை விரட்டிய மக்களின் அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றவர்கள் நமது நாயகம் (ஸல்) அவர்கள். வஃபாத்தின்போது அவர்களுடைய கவசம் ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. பிற மதத்தாரும் நம்பிக் கொடுத்து வாங்கும்படி அவர்களது வாழ்க்கை இருந்தது. மோசடி யாரிடம் செய்தாலும் மோசடியே.

இதை நாம் பிறருக்கு உபதேசமாக மட்டும் எழுதவில்லை. ரத்தின வியாபாரத்தில் நம் சமுதாயத்திற்கு நீண்டகாலத் தொடர்பு உண்டு. இலங்கையில் பேருவளைச் சீனங்கோட்டையின் கல் சந்தை முஸ்லிம்களின் கையில் இருக்கிறது. காயல்பட்டணத்து மக்கள் பாங்காக்கிலும் ஹாங்காங்கிலும் இத்தொழில் செய்து வந்திருக்கின்றனர். கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் நிற்கும்போது, இறங்கி வருபவரை எதிர்கொள்பவர் நமது சகோதரராகவும் இருக்கலாம். சூடேற்றியதைச் சூடேற்றியது என்று சொல்லி விற்கும் ஒரு வார்த்தை, அந்தப் பயணி தம் நாட்டில் போய் இஸ்லாத்தைப் பற்றிப் பேசும் ஒரு வார்த்தையாக மாறலாம். மறைத்த ஒரு வார்த்தையும் அவ்வாறே.

வாங்குவோர் கவனத்திற்கு

வாங்கும் குடும்பத்தாருக்கும் கடமை உண்டு. கண்ணாடியை ரத்தினம் என்று எண்ணியவரை இமாம்கள் குறை கூறியதை மறந்துவிடலாகாது. விசாரிக்க முடியாத இடத்தில் பெருந்தொகைக்கு வாங்காமல் இருப்பதே விவேகம். வரி இல்லாத துறைமுகம் என்றால் அரசாங்கம் வரி எடுக்கவில்லை என்றே பொருள். வியாபாரி விலையைக் குறைத்தார் என்று ஆகாது. ஒரு கல்லை விரும்பினால் பரிசோதனைச் சாலையின் சான்றிதழ் கேளுங்கள். அது கல் இன்னதென்று சொல்லும். அதன் விலையைச் சொல்லாது. விலையைச் சொல்லும் மதிப்பீட்டுத் தாளை விற்றவரே எழுதித் தந்தால் அதற்கு என்ன பெறுமதி? சூடேற்றப்பட்டதா, எதுவும் நிரப்பப்பட்டதா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குபவர் பாதி பதிலைச் சொல்லிவிட்டார்.

தங்கத்தில் பதித்த கல் என்றால் இன்னொரு மஸ்அலாவும் உண்டு. கைபரில் ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் தங்கமும் மணிகளும் கலந்த மாலை ஒன்றைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது தங்கமே அதைவிட அதிகம் இருந்தது. பிரிக்காமல் விற்கக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். ஆகவே, பழைய தங்கத்தைக் கொடுத்துக் கல் நகையை மாற்றி வாங்குவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பழையதை விற்றுப் பணமாக்கி, அப்பணத்தால் வாங்குவதே பாதுகாப்பு. காகிதப் பணத்திற்கும் வட்டியின் சட்டங்கள் பொருந்தும் என்று 1986ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு சபை முடிவு செய்திருக்கிறது. அதன்படி, தங்க நகையைத் தவணைக்கு வாங்குவதும், பணத்தைக் கட்டிவிட்டு நகை பிறகு வரட்டும் என்று வருவதும் கூடாது. தனிக்கல்லுக்கு இந்தத் தடை இல்லை. விபரத்தைத் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அலங்காரம் ஆகுமானதே. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அழகை யாரும் ஹராமாக்கிவிட முடியாது. ஆனால் பயணத்தின் உற்சாகத்தில், பக்கத்து அறைக்காரர் வாங்கினார் என்பதற்காக வாங்கும் நகை, ஊர் வந்ததும் பெட்டிக்குள் போய்விடும். அதன் கடன் மட்டும் வெளியே நிற்கும். ஒரு நாள் யோசித்தும் வேண்டும் என்று தோன்றும் பொருளே நமக்குத் தேவையான பொருள். அந்த ஒரு நாளைத் தராத கடையில் நமக்கு வேலையில்லை.

உண்மை பேசி, உள்ளதை விளக்கி விற்போருக்கும் வாங்குவோருக்கும் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பது நமது நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம். கப்பல் கரையை விட்டுப் போய்விடும். வாங்கியவர் திரும்பி வராமலே இருக்கலாம். ஆனால் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் சந்தித்தே தீரும் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் எந்தத் தயக்கமும் இன்றி முகம் பார்க்கத்தக்க வியாபாரத்தை நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.